தன் பிரதியிடம் தோற்பவன்

1952இல் மான்செஸ்டரில் ஒரு சதுரங்க ஆட்டம் நடந்தது. ஒருபக்கம் அலிக் கிளென்னி. கணினித்துறைக்காரர், சதுரங்கத்தில் சுமாரான ஆள். மறுபக்கம் ஆட வேண்டியது ஓர் இயந்திரம். ஆனால் இயந்திரம் என்று அந்த இடத்தில் எதுவும் கிடையாது. ஆலன் டூரிங் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவரும் பொருளியலாளர் டேவிட் சாம்பர்னௌனும் 1948இல் சேர்ந்து யோசித்த விதிகள் அவரிடம் இருந்தன. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10. ஒரு காய்க்குப் போவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் கொசுறாக. இப்படிக் கூட்டிக் கழித்து எதற்கு அதிக மதிப்பெண் வருகிறதோ அதை ஆட வேண்டும். இதைக் கணினியில் முழுசாக ஏற்றிப் பார்க்க டூரிங்குக்கு வாய்க்கவில்லை. ஆகவே தானே கணினியானார். ஒரு நகர்த்தலுக்குக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் கணக்குப் போட்டார். 29ஆவது நகர்த்தலில் ராணியை விட்டு ஒரு சிப்பாயைத் தின்னப்போய், ராணியே பறிபோகிற நிலை வந்து ஆட்டம் முடிந்தது.

தோற்றது யார்?

டூரிங் தோற்றார் என்று சொல்ல முடியாது. அவர் ஆடவே இல்லை, தன் விதிகளுக்குக் கைவேலை செய்துகொண்டிருந்தார். சரி, தோற்றது அந்த விதிகள்தான் என்று முடித்துவிடலாமா என்றால் அங்கேயும் ஒரு சிக்கல் கிளம்புகிறது. பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனத்தார் அதே விதிகளை நிஜமான கணினியில் ஏற்றி, 1952 ஆட்டத்தை மறுபடி ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. முதல் நகர்த்தலே வேறாக வந்தது. தாங்கள் எழுதியதில்தான் எங்கோ பிழை என்று தேடு தேடென்று தேடினார்கள். கடைசியில் பிழை டூரிங் பக்கம் இருந்தது என்கிற முடிவுக்கு வந்தார்கள். தான் எழுதிய விதியை மனிதர் தானே பல இடங்களில் மீறியிருக்கிறார். (மீட்டெடுக்கப்பட்ட அந்தப் புரோகிராமோடு 2012இல் மான்செஸ்டரில் டூரிங் நூற்றாண்டு மாநாட்டில் காஸ்பரோவ் ஆடினார். 16 நகர்த்தல்களில் கதை முடிந்தது.)

அலுப்பா, கணக்குத் தவறா, 'இந்த இடத்தில் இப்படி ஆடினால் அசிங்கமாயிருக்குமே' என்கிற ஆட்டக்காரனின் கூச்சமா? எதுவாகவும் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எழுதியவன் தன் பிரதியை வரி பிசகாமல் வாசிக்க முயன்று தோற்றிருக்கிறான். வாசகனாக அவன் தன் பிரதிக்கே துரோகம் செய்திருக்கிறான்.

*

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று ரோலன் பார்த் அறிவித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தமிழில் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் அது ஒரு கோஷமாகவே புழங்கியது. எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் அந்தப் பழைய இதழ்களை ஜெராக்ஸ் பிரதிகளாக வாசித்து வளர்ந்தவன் நான். பிரதி, வாசிப்பு, தன்னிலை, மற்றமை என்கிற சொற்களெல்லாம் எனக்கு அங்கிருந்து கிடைத்தவைதான். அந்தக் கடனை மறுக்கவில்லை. ஆனால் நம் சூழலில் அந்த மரணச் செய்தி எவ்வளவு தூரம் நம்பப்பட்டது? ஏதாவதொரு புத்தக வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆசிரியன் செத்துப்போனான், இனி வாசகன்தான் எல்லாம் என்று முக்கால் மணி நேரம் பேசி முடித்த விமர்சகர், ஏற்புரைக்கு அதே ஆசிரியன் எழுந்து வரும்போது பலமாகக் கைதட்டுகிறார். போதாக்குறைக்கு, 'நான் சொன்னது சரிதானே' என்று கேட்கிற பார்வை வேறு.

இதில் விமர்சகரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. ஒரு நாவல், எழுதியவனை எதிர்த்து எதையும் செய்வதில்லை. அலமாரியில் இருக்கிறது. மற்றவர்கள் அதை எப்படி வாசித்தாலும், 'நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை' என்று சொல்லும் உரிமை எழுதியவனிடம் எப்போதும் மிச்சமிருக்கிறது. ஆகவே ஆசிரியனின் மரணம் இலக்கியத்தில் ஒரு கோட்பாட்டு மரணமாகவே இருந்துவிட்டது. பிரேதம் கிடைக்காத மரணம் என்று வையுங்கள்.

சதுரங்க நிரல் எழுதுகிறவர்களின் கதை அப்படியல்ல. அவர்கள் எழுதிய பிரதி எழுந்துவந்து எதிர் நாற்காலியில் உட்கார்கிறது. அவர்கள் எழுதிய விதிகளைக் கொண்டே அவர்களைத் தோற்கடிக்கிறது. 'நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை' என்று பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாது. சொன்னாலும் ராஜா வெட்டுப்பட்ட நிலைமை மாறப்போவதில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர், வேலைநேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சிறிய சதுரங்கப் புரோகிராம் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனுடன் அவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்துச் சிப்பாயை அது சும்மா சும்மா முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கே அது முட்டாள்தனமாகப் பட்டது. ஏழெட்டு நகர்த்தல் கழித்து அந்தச் சிப்பாய்தான் அவர் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

'அது ஏன் தள்ளுதுன்னு எனக்கே புரியல தோழர். ஆனா தள்ளச் சொன்னது நான்தான்.'

'கோபம் வரலியா?'

'வருது. யார் மேல படுறது, சொல்லுங்க?'

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் விதியெல்லாம் தன்னுடையது, நகர்த்தல் ஒன்றுகூடத் தன்னுடையதல்ல என்கிற ஒரு விசித்திரமான இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பார்த் இந்த இடத்துக்கு வரவில்லை. அவர் எழுதியவனை அப்புறப்படுத்திவிட்டு வாசகனைப் பிறப்பித்தார். இங்கே எழுதியவன் அப்புறப்படுத்தப்படவில்லை. உட்கார வைக்கப்பட்டு, தன் பிரதியை வாசித்துப் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படுகிறான்.

*

'உன்னைவிட நன்றாக ஆடும் இயந்திரத்தை உன்னால் எழுத முடியாது' என்பது அந்தக் காலத்தில் பலரும் சொன்ன வாதம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! டூரிங் 1953இல் வெளியான தன் கட்டுரையில் இதற்குச் சொன்ன பதில் ரசமானது. எந்த மிருகமும் தன்னைவிட எடை கூடிய மிருகத்தை விழுங்காது என்று சொல்வதைப் போன்றது இது, இரண்டுமே உண்மையில்லை என்கிறார். கேட்டவுடன் தலையாட்ட வைக்கிற வாக்கியங்கள், அவ்வளவுதான். ஆனால் அதே கட்டுரையில் தன் நிரலைத் தன் ஆட்டத்தின் கேலிச்சித்திரம் என்றும் சொல்கிறார். தான் ஆடும்போது மனதில் நடப்பதைக் கவனித்து, அதைச் சுருக்கி எழுதியதாகவும், தான் செய்கிற கவனப்பிசகுகளையே அதுவும் செய்வதாகவும் ஒப்புக்கொள்கிறார். அதாவது 1952இல் பிரதி இன்னும் ஆசிரியனின் முகச்சாயலோடுதான் இருந்தது. அசடு என்றாலும் வீட்டுப் பிள்ளை.

அந்தச் சாயல் கலைந்த இடம் சதுரங்கம் அல்ல, அதே பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் செக்கர்ஸ். ஐ.பி.எம்.மில் இருந்த ஆர்தர் சாமுவேல் எழுதிய செக்கர்ஸ் புரோகிராம் பற்றிய கட்டுரை 1959இல் வெளிவந்தது. சாமுவேல் பெரிய ஆட்டக்காரர் இல்லை. தனக்குத் தெரியாததை இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அவர் செய்த காரியம் எளிமையானது, பயங்கரமானதும்கூட. நிரலை ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாக்கி ஒன்றோடொன்று மோதவிட்டார். ஆல்ஃபா தன் மதிப்பீட்டு எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். பீட்டா மாறாமல் நிற்கும். ஆல்ஃபா ஜெயித்தால் அதன் எண்களை பீட்டாவும் எடுத்துக்கொள்ளும். எட்டுப் பத்து மணி நேரம் இயந்திரம் இப்படி ஆடினால் போதும், எழுதியவனைவிட நன்றாக ஆடக் கற்றுக்கொண்டுவிடும் என்று சாமுவேலே எழுதினார். எழுதியவனே 'இது என்னை மிஞ்சும்' என்று முன்னுரையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பிரதி இலக்கிய வரலாற்றில் உண்டா என்று தெரியவில்லை. நம் ஆட்கள் யாரும் போடமாட்டார்கள்.

இதைக் கண்டு கலங்கியவர் நார்பர்ட் வீனர். சைபர்நெட்டிக்ஸ் என்கிற துறைக்குப் பெயர் வைத்த கணிதவியலாளர். 1960இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: இயந்திரங்கள் தம்மை வடிவமைத்தவர்களின் எல்லைகளைத் தாண்டக்கூடியவை, தாண்டவும் செய்கின்றன. அவற்றின் வேகத்துக்கு நம் விமர்சனம் ஈடுகொடுக்காது. நாம் 'ஐயோ, தப்பு' என்று கத்தும்போது காரியம் முடிந்திருக்கும். அதே ஆண்டு அதே இதழில் சாமுவேல் மறுப்பு எழுதினார். இயந்திரம் பூதமில்லை, மந்திரத்தால் ஓடுவதில்லை, அதற்கென்று விருப்பம் எதுவும் கிடையாது. பழுதுபட்டால் ஒழிய, எழுதியவனின் நோக்கத்தைத்தான் அது நிறைவேற்றுகிறது என்றார்.

யார் இதை எழுதுகிறார் என்று கவனியுங்கள். தன் புரோகிராம் தன்னை மிஞ்சியதற்குச் சாட்சி சொன்ன அதே சாமுவேல். தன்னைத் தோற்கடிக்கிற ஒன்று தன் நோக்கத்தைத்தான் நிறைவேற்றுகிறது என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? முதல் வாசிப்பில் இது எனக்கு முரண்பாடாகப் பட்டது. ஐ.பி.எம். ஆள் வேறெப்படி எழுதுவார் என்றும் நினைத்தேன். இயந்திரம் பயமுறுத்தாதது என்று சொன்னால்தானே விற்க முடியும். இப்போது அவ்வளவு லேசாகத் தள்ளத் தோன்றவில்லை. 'இயந்திரத்துக்கு விருப்பமில்லை' என்பதன் மறுபக்கம், 'அங்கே வேறு யாரோ ஒருவருடைய விருப்பம் இருக்கிறது' என்பது. சாமுவேல் ஆறுதலாகச் சொன்ன இந்த வாக்கியத்தை நாம் குற்றப்பத்திரிகையின் முதல் வரியாக வாசிக்கலாம். வீனர் சொன்னதையும் சேர்த்துத்தான். விளைவு எனக்கே தெரியவில்லை என்பது எழுதியவனுக்கு விடுதலைப் பத்திரமாகிவிடாது.

வீனர் இதை அத்தோடு விடவில்லை. அவர் இறந்த 1964ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'கடவுளும் கோலமும்' என்கிற சிறிய நூலில் (கோலம் என்பது யூதக் கதைகளில் வரும் களிமண் மனிதன், நம் வாசல் கோலம் அல்ல) கேள்வியை இறையியலின் பக்கம் திருப்பினார். படைத்தவன் தன் படைப்போடு அர்த்தமுள்ள ஓர் ஆட்டத்தை ஆட முடியுமா? கடவுள் எல்லாம் வல்லவர், சாத்தானோ அவருடைய படைப்பு என்றால், யோபுவின் கதையிலும் மில்டனின் காவியத்திலும் வரும் மோதல் வெறும் நாடகம்தானே? தோற்கிற சாத்தியம் இல்லாதவன் ஆடுவதற்கு ஆட்டமென்று பெயரா? சாமுவேலின் செக்கர்ஸ் இயந்திரத்தைச் சாட்சிக்கு அழைத்து, ஆடமுடியும், படைத்தவன் தோற்கவும் முடியும் என்கிறார். இந்த இடத்தில் மன்னார்குடிப் பக்கத்துத் திருப்பூவனூர் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே சிவன் சித்தர் வேடத்தில் வந்து அரசன் மகளோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்துகொண்டதாகத் தலபுராணம். சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். அவர் தோற்றிருந்தால் என்னாகியிருக்கும் என்று புராணம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அது புராணமாக இருந்திருக்காது.

*

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் எழுதிய புரோகிராம்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தனிக் கதை. ஐ.பி.எம். 704இல் அலெக்ஸ் பெர்ன்ஸ்டைன் குழுவினர் எழுதியதுதான், 1957-58 வாக்கில், முழுச் சதுரங்கத்தையும் ஆடிய முதல் நிரல்களில் முக்கியமானது. ஒரு நிலையில் பரிசீலிக்கத்தக்கவை என்று ஏழே நகர்த்தல்களைப் பொறுக்கி, நான்கு அடி ஆழம் பார்த்து, ஒரு நகர்த்தலுக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. பெர்ன்ஸ்டைன் சதுரங்கம் அறிந்தவர். அவர் எழுதியதோ கற்றுக்குட்டியிடமே தோற்கக்கூடியது. உலக சாம்பியனாக இருந்த போத்வின்னிக் தன் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகள் பலவற்றை 'பயனியர்' என்கிற நிரலுக்குச் செலவிட்டார். ஒரு மேதை எப்படிச் சிந்திக்கிறானோ அப்படிச் சிந்திக்கும் நிரல் வேண்டும் அவருக்கு. வேண்டியதையெல்லாம் அவர் எழுதினார். பயனியர் ஒரு முழு ஆட்டம்கூட ஆடவில்லை. 1995இல் அவர் இறந்துபோனார்.

இதை முழுமையான தோல்வி என்று நான் ஏளனமாக எழுதத் தயாராயில்லை. போத்வின்னிக் தன்னை முழுசாகப் பிரதிக்குள் ஏற்ற ஆசைப்பட்டார். எழுத்தாளர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான். சாமுவேல் தன்னைக் கழற்றி வெளியே வைத்தார், அவருடைய பிரதி ஆடியது.

1965 முதல் 1968 வரை அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் உலக சாம்பியனாக இருந்த ஹான்ஸ் பெர்லினர் இரண்டுக்கும் நடுவே வருகிறார். பிற்பாடு கார்னகி மெலனில் 'ஹைடெக்' என்கிற வலுவான சதுரங்க இயந்திரத்தை உருவாக்கியவர். அவர் பெயரிட்ட 'அடிவான விளைவு' என்கிற குறைபாடு எனக்குப் பிடித்தமானது. நிரல் குறிப்பிட்ட ஆழம்வரைதான் பார்க்கும். அந்த எல்லைக்குள் ஒரு நாசம் தெரிந்துவிட்டால், இடையில் ஒரு சிப்பாயைக் கொடுக்கும், வீணான செக் ஒன்று வைக்கும். எப்படியாவது நாசத்தைப் பார்வையின் எல்லைக்கு அப்பால் தள்ளும். தள்ளியானதும் நாசமே இல்லையென்று நம்பிக்கொள்ளும். கடன்காரன் வரும்போது கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிற மாதிரி. இந்தக் குணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. 'இவ்வளவு ஆழம் பார், அதிக மதிப்பெண்ணை எடு' என்கிற இரண்டு அப்பாவி விதிகள் சேர்ந்தபோது தானாக முளைத்தது. எழுதியவன் எழுதாததும் பிரதியில் இருக்கிறது என்பதற்கு, நாம் கட்டுடைப்பு என்ற பெயரில் கவிதைகளில் வலிந்து தேடியதைவிடச் சுத்தமான உதாரணம் இது. இதைக் கண்டுபிடிக்கவும் எழுதியவர்கள் தங்கள் நிரலோடு உட்கார்ந்து, அதன் ஆட்டத்தை எதிராளியின் ஆட்டத்தைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டியிருந்தது.

*

1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது காஸ்பரோவின் முகம்தான். தலையைக் கையில் தாங்கிய அந்தப் புகைப்படம். எதிரே உட்கார்ந்திருந்தவரை யாரும் பார்ப்பதில்லை. ஃபெங்சியுங் சூ, மர்ரே கேம்பெல், ஜோ ஹோன் என்கிற மூவரில் ஒருவர் மாறிமாறி அங்கே உட்கார்ந்தார்கள். 'டீப் ப்ளூ' இயந்திரத்தை உருவாக்கியவர்கள். திரையில் வந்த நகர்த்தலைப் பலகையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டுவது அவர்கள் வேலை. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பரிசீலிக்கும் இயந்திரம் அது. எழுதியவர்கள் யாரும் அதனுடன் ஆடி ஜெயிக்கிற நிலையில் இல்லை. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினை வைத்துத்தான் அதைப் பரிசோதித்து வந்தார்கள். 1952இல் டூரிங் இயந்திரம் இல்லாமல் இயந்திரத்தின் கையாக இருந்தார். 45 ஆண்டுகள் கழித்து, இயந்திரம் வந்துவிட்ட பிறகும் எழுதியவனுக்கு அதே கைவேலைதான்.

முதல் ஆட்டத்தின் 44ஆவது நகர்த்தலில் டீப் ப்ளூ தன் யானையை அர்த்தமில்லாமல் நகர்த்தியது. அடுத்த நகர்த்தலோடு காஸ்பரோவ் ஜெயித்துவிட்டார். ஆனால் அந்த அர்த்தமின்மை அவர் தரப்பை உறுத்தியது. ஏதோ ஆழமான காரணம் இருக்கவேண்டும், பத்திருபது நகர்த்தல்களுக்கு அப்பால் எதையோ பார்த்துவிட்டு இதை ஆடியிருக்கிறது என்று வாசித்தார்களாம். உண்மையில் அது ஒரு பிழை. எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் போனதால் நிரல் கைக்கு வந்ததை ஆடியிருக்கிறது. 2012இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் கேம்பெல் இதைச் சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அதைத் திருத்தியும் விட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில், டிரா செய்திருக்கக்கூடிய நிலையில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்த யானை நகர்த்தல்தான் அவரை உடைத்தது என்று நான் அடித்துச்சொல்ல வரவில்லை. பலர் அப்படிச் சொல்கிறார்கள், கதையாக நன்றாகவும் இருக்கிறது.

எனக்கு இதில் அக்கறையான விஷயம் வேறு. வாசகன் தன் சொந்த ஆழத்தைப் பிரதிக்குக் கொடுக்கிறான். எழுதியவனுக்கோ அது குப்பை என்று தெரியும். தெரிந்தும் வாய் திறப்பதில்லை. திறக்க முடியாதபடி ஒரு கம்பெனி அவன் வாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. காஸ்பரோவ் இயந்திரத்தின் பதிவேடுகளைக் கேட்டார். எதை யோசித்து எதை ஆடியது என்று காட்டுங்கள் என்றார். அப்போது கொடுக்கவில்லை. பிற்பாடுதான் வெளியிட்டார்கள். மறு ஆட்டமும் இல்லை, இயந்திரத்தைக் கழற்றி ஓரங்கட்டிவிட்டார்கள். தனிமனித ஆசிரியன் செத்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. அங்கே வாசகன் பிறக்கவும் இல்லை. அந்த நாற்காலியில் ஐ.பி.எம். உட்கார்ந்துகொண்டது. ஜெயித்தால் 'எங்கள் இயந்திரம்'. தவறாக ஆடினால் 'பக்'. ஆசிரியனின் மரணத்தை விடுதலையாகக் கொண்டாடிய நம் முன்னோடிகள் இந்த வாரிசுரிமையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் புகார்.

இதைச் சதுரங்கத்தோடு விட்டுவிட முடியாது என்பது வாசிக்கிற தோழர்களுக்கு இதற்குள் உறைத்திருக்கும். ரேஷன் கடையில் விரல்ரேகை பதியவில்லை, போய்ட்டு நாளைக்கு வாங்க என்று சொல்கிற கடைக்காரர், மெஷின் ஏத்துக்க மாட்டேங்குதும்மா என்கிறார். வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் பையனின் கணக்கு முடங்கிப்போனால், சிஸ்டம்தான் பிளாக் பண்ணியிருக்கு என்று பதில் வருகிறது. மெஷின், சிஸ்டம், அல்காரிதம். எல்லாமே எழுவாய், யாருமே ஆள் இல்லை. அங்கே போய் நாமும் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று பாடினால் கம்பெனிக்காரன் ஒத்து ஊதுவான். என் நண்பர் தன் புரோகிராமிடம் தோற்று உட்கார்ந்து, 'தள்ளச் சொன்னது நான்தான்' என்றாரே, அந்த மூன்று சொற்களை இந்த எழுவாய்கள் எதுவும் சொல்வதில்லை.

*

இன்று யாரும் தன் நிரலோடு உட்கார்ந்து ஆடுவது ஒரு பொழுதுபோக்கு என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஜெயிக்கலாம் என்று யாரும் உட்காருவதில்லை. 2008இல் வெளிவந்த 'ஸ்டாக்ஃபிஷ்' டோர்ட் ரோம்ஸ்டாட், மார்க்கோ கோஸ்டால்பா, யூனா கீஸ்கி ஆகியோரின் கையெழுத்தோடு தொடங்கியது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தத்தைச் சமர்ப்பிக்கலாம். 2013 முதல் அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய ஒரு பரிசோதனை ஏற்பாடு இருக்கிறது. உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளில் புதிய வடிவமும் பழைய வடிவமும் ஆயிரக்கணக்கில், சமயத்தில் பல்லாயிரக்கணக்கில் மோதும். புள்ளிவிவரம் சொல்வதே தீர்ப்பு. சதுரங்க அறிவின்படி அழகாகத் தோன்றும் திருத்தம் அடிபட்டுப் போகும். ஏன் வேலைசெய்கிறது என்று விளக்க முடியாத ஒன்று தேறிவிடும். நண்பரின் மடிக்கணினியும் இரவில் இந்த வேலைக்காக விசிறி இரைச்சலோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரோடு யார் ஆடுறாங்க என்று கேட்டேன். 'பழசும் புதுசும்' என்றார்.

2020இல் நிலையை மதிப்பிடும் வேலைக்கு ஒரு நரம்பு வலையமைப்பு வந்து சேர்ந்தது. குதிரைக்கு இவ்வளவு, ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு என்று மனிதர்கள் கைப்பட எழுதிய மதிப்பீட்டுப் பகுதி சில காலம் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2023இல் அதையும் முழுசாக நீக்கிவிட்டார்கள். தேடும் முறையை மனிதர்கள் இன்னும் எழுதுகிறார்கள், உண்மை. ஆனால் மந்திரிக்கு மூன்றரை என்று டூரிங்கும் சாம்பர்னௌனும் 1948இல் தொடங்கிய அந்த வரி, 75 ஆண்டுகள் கழித்து, எழுதியவர்களின் கையாலேயே அழிக்கப்பட்டது. அழித்ததும் நிரல் பலவீனமாகவில்லை. தாங்கள் பல ஆண்டுகளாகச் செதுக்கிய ஆயிரக்கணக்கான வரிகளை, 'இனி இது தேவையில்லை' என்று நீக்கிய அந்தச் செயலில் ஒரு கண்ணியம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன் தொகுப்பிலிருந்து ஒரு கவிதையை நீக்கச் சொன்னால் நம் கவிஞர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் இவர்கள்தான் நிஜமாகவே செத்துப்போன ஆசிரியர்களா? நானும் அப்படித்தான் எழுதி முடிக்க இருந்தேன், 2021இல் நடந்த விஷயம் கண்ணில் படும்வரை. செஸ்பேஸ் (டூரிங்கின் காகித இயந்திரத்துக்கு உயிர்கொடுத்த அதே நிறுவனம்தான்) 'ஃபேட் ஃபிரிட்ஸ் 2' என்ற பெயரில் ஒரு சதுரங்க மென்பொருளை விற்றது. உள்ளே இருந்தது பெரும்பகுதி ஸ்டாக்ஃபிஷ், வேறொரு வலையமைப்போடு. ஸ்டாக்ஃபிஷை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, வாங்குகிறவருக்கு மூலநிரலையும் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். அதை மதிக்கவில்லை என்று சொல்லி ஸ்டாக்ஃபிஷ் நிரலாளர்கள் ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 நவம்பரில், நிபந்தனைகளை செஸ்பேஸ் மதித்து நடக்கும் என்கிற உடன்பாட்டோடு அது முடிந்தது.

வழக்கு போட்டவர்களில் ஒருவர்கூட அந்த மென்பொருளிடம் ஒரு டிரா எடுத்திருக்க முடியாது. அது ஒரு குறிப்பிட்ட நிலையில் ஏன் அந்தக் காயை நகர்த்துகிறது என்று கேட்டாலும் அவர்களால் முழுசாக விளக்கியிருக்க முடியாது. இருந்தும் இதை எழுதியது நாங்கள் என்று போய் நின்றார்கள். பணத்தில் பங்கு கேட்டு நிற்கவில்லை, அடுத்தவன் அதைப் பிரித்துப் பார்க்கிற உரிமை போய்விடக் கூடாது என்று நின்றார்கள்.